பாரில் நின்ற வள்ளம்

மிக்கேல்துறையின் பழைய கோவில் கோபுரத்தை இடிக்கும் நாளில் ஊரிலிருந்து ஒரு வள்ளமும் கடலுக்குப் போகக் கூடாது என்று பங்குப் பேரவை முடிவு செய்து, அதை ஞாயிறு பூசையில் இரண்டு தடவை வாசிக்கவும் செய்தது. அப்படியும் ததேயு போனான். கோபுரம் சரிந்தபோது, அந்தக் கோபுரத்தைக் குறிவைத்து அவன் குடும்பம் மூன்று தலைமுறையாகப் போய்வந்துகொண்டிருந்த கடலடிப் பாறைத்திட்டான பார் போயிற்று, பாரின்மேல் நின்ற வள்ளம் போயிற்று, வள்ளத்தில் இருந்த ததேயுவும் போனான். அவன் குரல் மட்டும் போகவில்லை.

குரல் அவன் வீட்டு வயர்லெஸ் செட்டில் வந்தது. அவன் மனைவி பிரிஜித் அடுக்களையில் சாளை கழுவிக்கொண்டிருந்தாள். கோபுரத்துத் தூசி தெருவைக் கடந்து வீட்டுக்குள் நுழைந்து, கழுவிய மீனின்மேல் அரிசிமாவு போலப் படிந்துகொண்டிருந்தது. அலமாரியின் மேல் இருந்த செட் கரகரத்தது.

"ஏட்டி, கரையில என்ன, பனி கெடக்கா? கரையக் காணல்ல."

பனி இல்லை, கோபுரம் விழுந்த தூசி என்று அவள் சொன்னாள். தூசி அவ்வளவு தூரம் வராது என்றான். மலையையும் காணவில்லை என்றான். பிறகு அதை அப்படியே விட்டுவிட்டு, அவனுக்கு அதைவிடப் பெரிதாக இருந்த சேதியைச் சொன்னான். நீலச்சூரை ஒன்று கொத்தியிருந்தது. அவன் அப்பன் வாழ்நாளில் இரண்டே தடவை பார்த்திருந்த மீன், முதுகு கரும்பச்சையும் நீலமுமாக, ஆள் உயரத்துக்கு வளரும் மீன், இப்போது அவன் கையில் இருந்த கயிற்றின் அடுத்த முனையில் இருந்தது.

அந்த மீனுக்காக அவன் போட்டது இரை அல்ல, ஈயம். ஈயத்தை உருக்கி மணல் அச்சில் ஊற்றி, அரைமுழ நீளத்தில் ஒரு பொய்மீன் செய்து, பிரிஜித்தின் வெள்ளி நிற நகப்பாலிஷை எடுத்து அதற்குப் பூசி, வாலில் ஒற்றைத் தூண்டில் கட்டி வைத்திருந்தான். பாரின்மேல் வள்ளத்தை நிறுத்தி, அந்த ஈயமீனை நாற்பது பாகம் ஆழத்துக்கு இறக்கி, அது பாறையில் தட்டுகிறது கையில் தெரிந்ததும் ஒரு முழம் தூக்கி, பிறகு சட்டென்று இழுப்பான், விடுவான், இழுப்பான், விடுவான். அடியில் அது அடிபட்டுத் தப்பி ஓடுகிற மீன் போலத் துள்ளும். பாறை இடுக்குகளைச் சுற்றித் திரிகிற பெரிய மீனுக்கு அதைப் பார்த்துப் பொறுக்காது. ஆள் துணை இல்லாமல் தனியாகத்தான் போவான். பாருக்குப் போகும் வழியை இன்னொரு கண் பார்த்துவிட்டால் அது அவன் பார் இல்லை என்று ஆகிவிடும்.

மிக்கேல்துறையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கணியம் உண்டு. கடலில் நின்றுகொண்டு கரையில் முன்னால் ஒரு பொருளையும் அதற்குப் பின்னால் ஒரு பொருளையும் ஒரே கோட்டில் கொண்டுவருவதுதான் கணியம். இன்ன பனையின் தலை இன்ன மலையின் தோளைத் தொட்டால் இன்ன பார் அடியில் இருக்கிறது என்று அர்த்தம். அதை அப்பன் மகனுக்குக் காட்டுவான். மனைவிக்குச் சொல்வதில்லை, அண்ணன் தம்பிக்குள்ளும் சொல்வதில்லை. ஜிபிஎஸ் வந்த பிறகு பல பேர் பாரின் இடத்தை அதில் பதிந்து வைத்துக்கொண்டார்கள். ததேயு அந்தக் கருவியை வீட்டில் சேர்க்கவில்லை. ரிப்பேருக்குக் கொடுத்தால் கடைக்காரனுக்குக்கூட நம் கடல் தெரிந்துபோகும் என்பான். கோபுரம் இடிபட்டால் கணியம் போய்விடும், புதுக் கோபுரம் எழும்பிய பிறகுதான் அதை வைத்துப் பாரைத் தேட முடியும் என்று அவனுக்குத் தெரியும். அதனால்தான் பழையது நிற்கிற கடைசிக் காலையில், வேறு வள்ளம் இல்லாத கடலில், ஒரே ஒரு தடவை போய்விட்டு வருவோம் என்று விடியுமுன் கிளம்பினான். பிரிஜித் சுடச்சுடத் தேயிலை போட்டு ஃபிளாஸ்கில் ஊற்றிக் கொடுத்தாள். போகாதீர்கள் என்று அவள் சொல்லவில்லை. வேறு ஒன்றைச் சொல்ல நினைத்து, அதையும் சொல்லாமல் விட்டாள்.

மத்தியானத்துக்குள் ஏழெட்டு வள்ளங்கள் தேடப் போயின. முன்னால் போனது சேசடிமை. ஐம்பது தாண்டிய ஆள், ஊரில் பெரிய வள்ளம் அவருடையது. ததேயுவின் அப்பன் காலத்திலிருந்தே அந்தப் பாரைக் கண்டுபிடித்தே தீருவேன் என்று அவர்கள் பின்னாலேயே ஓட்டிப் பார்த்தவர் என்பதால், அது ஏறத்தாழ எங்கே இருக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும். அங்கே போய் ஆழம் காட்டும் கருவியைப் போட்டுப் பார்த்தார்கள். அடி முழுவதும் சேறு, துடைத்த தட்டு மாதிரி. அவர்கள் அங்கே நிற்கும்போதே செட்டில் ததேயு பேசினான். அவனும் அங்கேதான் நிற்பதாகச் சொன்னான். ஆனால் அவர்கள் வள்ளத்தின் சத்தம்கூடக் கேட்கவில்லை என்றான். நங்கூரக் கயிறு பிடிப்பில்லாமல் தொங்குகிறது, இருந்தும் வள்ளம் நீரோட்ட ஒழுக்கில் போகவில்லை, சூரை அடியில் பாரைச் சுற்றிச் சுற்றி வந்து வள்ளத்தை அங்கேயே பிடித்து வைத்திருக்கிறது என்றான். காலிக் கேன் ஒன்றைக் கிழக்கே எறிந்து பார்க்கச் சொன்னார் சேசடிமை. எறிந்தான்.

"போச்சு," என்றான் பிறகு. "அலையில மறைஞ்சு போகல்ல மாமா. மிதந்துக்கிட்டே போச்சு, அப்புறம் இல்ல."

சேசடிமை தன் வள்ளத்தின் மோட்டாரை அணைத்துவிட்டுத்தான் பதில் சொன்னார். வெகுநேரம் யோசித்துச் சொன்னது போல இருந்தது.

"லே ததேயு, கேட்டுக்கோ. அந்த மீனுதான் இப்ப ஒனக்கு நங்கூரம். ஏத்தினாலும் போச்சு, அறுத்தாலும் போச்சு. கரையில நாங்க ஒரு வழி பாக்குறது வரைக்கும் அதப் பிடிச்சுக்கிட்டு நில்லு."

முதல் வாரம் ஊர் அழுதது, இரண்டாம் வாரம் செபமாலை சொன்னது, மூன்றாம் வாரம் பழகிக்கொண்டது. கூட்டம் தாங்காமல் பிரிஜித்தின் அடுக்களைத் தரை விரிசல் கண்டதால் செட்டைப் பங்கு மண்டபத்துக்குக் கொண்டுபோய் ஒரு மேசையில் வைத்தார்கள். ததேயுவுக்கோ ஊரில் போகிற நாள் எதுவும் போகவில்லை. அவனுக்கு அது இன்னும் அதே காலைதான். சூரியன் இடது தோளுக்குமேல் ஒரு சாண் உயரத்தில் நின்றது, பசியில்லை, தாகமில்லை, செட்டின் பேட்டரி இறங்கவில்லை. பிரிஜித் தினமும் காலையில் கூப்பிட்டால், இப்பதானே பேசின, அதுக்குள்ள என்ன என்பான். மீன்துறை அலுவலகத்தில் போய்க் கேட்டபோது, பேசிக்கொண்டிருக்கிற ஒருவரைக் காணாமல் போனவர் என்று எழுத முடியாது என்றார்கள். ரேஷன் கடையில், குடும்பத்தலைவர் விரல் வைக்க எப்போது வருவார் என்று கேட்டார்கள். கடலுக்குப் போகிறவர்கள் போகிறபோக்கில் மண்டபத்தில் நின்று, ததேயு, காத்து எப்படி என்று கேட்பதும், அவன் நல்ல இளங்காத்து என்று சொல்வதும், அதை நம்பிப் போய் நனைந்து திரும்பிய பிறகு கேட்பதை விட்டதும் நடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் செட்டைத் தூக்கிக் கொண்டுபோய்ப் பாடகர் குழுவின் பக்கத்தில் வைத்தார்கள். அவன் அந்தக் குழுவில் கனத்த குரலுக்கு இருந்த ஒரே ஆள். மீன் இழுக்கிற இடத்தில் அவன் பாட்டு நிற்கும், குழுவும் நின்று காத்திருக்கும், மீன் விட்டதும் எல்லோரும் சேர்ந்து தொடருவார்கள். அப்படி நாலு ஞாயிறு பாடிய பிறகு அவன் செட்டில் கேட்டான், என்ன ஃபாதர், இன்னைக்குப் பூசை முடியவே முடியாதா என்று. கோவில் முழுக்கச் சிரித்தது. சாமியாரும் சிரித்தார்.

பிரிஜித் மட்டும் பழகிக்கொள்ளவில்லை. அவளுக்கு அவன் பேச்சுக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வள்ளத்தின் விளிம்பில் தங்கூசிக் கயிறு உரசுகிற சத்தம், கதவு நாதாங்கி மெல்லத் திறப்பது போல. கயிற்றில் பத்துப் பாகத்துக்கு ஒன்றாக அவன் சிவப்பு நூல் சுற்றி வைத்திருந்தான். மீன் கொத்தும்போது நாலு நூலும் தண்ணீருக்குள் இருந்தன. பெரிய நோன்பு தொடங்கியபோது முதல் நூல் மேலே வந்துவிட்டதாகச் சொன்னான். நான் இழுக்கவில்லை, அது களைக்கிறது, களைத்தால் தானே மேலே வரும், நான் என்ன செய்ய என்றான். ஈஸ்டருக்கு முன்பே இரண்டாவது நூலும் வந்துவிட்டது. ஒரு மீன்பிடிக்காரனிடம் போய் மீனை விட்டுக்கொடு, இன்னும் கொஞ்சம் கயிறு கொடு, ஜெயித்துவிடாதே என்று தினமும் சொல்ல வேண்டியிருந்தது அவளுக்கு. அவன் சரி என்பான். ஆனால் அவன் குரலில் ஒரு சந்தோஷம் ஏறிக்கொண்டே வந்ததை அவள் கேட்டாள். அந்தச் சந்தோஷம் அவளுக்குப் பயமாக இருந்தது.

ஊர் ஒன்றும் சும்மா இருந்துவிடவில்லை. பழைய கோபுரத்தை அதே இடத்தில் திரும்பக் கட்டுவது என்று ஒரு கூட்டத்தில் முடிவாயிற்று. அடுத்த கூட்டத்தில், புதுக் கோபுரத்துக்கு நாற்பதடி தள்ளி அஸ்திவாரம் தோண்டிக் கம்பியும் கட்டியாகிவிட்டது, பழைய இடம் திருவிழாவுக்கு வண்டிகள் நிறுத்துவதற்கு, இரண்டு கோபுரம் கட்டுவதற்குள் மீன் மேலே வந்துவிடும் என்றார்கள். எல்லாம் சரி, கோபுரத்தில் எது அவனுடைய கணியம் என்று கடைசியில் சேசடிமைதான் கேட்டார். உச்சிச் சிலுவையா, கடிகார முகப்பா, சிறகு விரித்த சம்மனசு சிலையா, வெள்ளையடித்த இரண்டாம் தட்டா? அது தெரிந்தால் அதை மட்டும் அந்த உயரத்தில் தூக்கி நிறுத்தினால் போதுமே. மண்டபத்தில் எல்லோரும் பிரிஜித்தைப் பார்த்தார்கள். அவளுக்குத் தெரியாது. தெரிந்திருக்கக் கூடாது என்பதுதான் வழக்கம்.

அவள் செட்டில் கேட்டாள். அவன் சொல்லவில்லை.

மறுநாள் கேட்டாள், சொல்லவில்லை. சாமியார் கேட்டார், பாவசங்கீர்த்தனம் மாதிரி நினைத்துச் சொல் என்றார். பாவசங்கீர்த்தனத்தை ஊரே கேட்குமா ஃபாதர் என்று திருப்பிக் கேட்டான். அது உண்மைதான். அவன் செட்டில் ஒரு வார்த்தை சொன்னால் மண்டபத்தில் இருக்கிறவர்கள் மட்டுமல்ல, அந்த அலைவரிசையில் இருக்கிற அத்தனை வள்ளங்களும், அக்கம்பக்கத்து ஊர்களின் வள்ளங்களும் கேட்கும். பிரிஜித்துக்குக் கோபம் வந்தது. உயிரைவிடப் பாறை பெரிசா என்று கேட்டாள்.

"நீ பேசுறது எனக்கு மனசிலாவுது பிள்ளே," என்றான் அவன். "ஆனா எங்கிட்ட இருக்கது இது ஒண்ணுதான். அப்பன் எனக்கு வள்ளம் தரல்ல, வீடு தரல்ல. இதக் காட்டித் தந்தாரு. இதயும் செட்டுல சொல்லிட்டு வந்து, நான் கரையில யாரா இருப்பேன்?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் கஷ்டம். செட்டை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள். மூன்றாவது நூலும் வந்தது. கோடை மழை ஒன்று பெய்து ஓய்ந்தது. கயிறு உரசும் சத்தம் முன்னைவிட மெல்லியதாகிவிட்டதை அவள் தினமும் மேசையில் காதை வைத்துக் கேட்டாள். மண்டபத்தில் இருந்தவர்கள் அவள் கேட்பதைக் கண்டு தங்கள் பேச்சைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

பிறகு ஒரு காலையில், மீன் விற்கப் போகும் பெண்கள் கூடைகளை மண்டபப் படியில் இறக்கி வைத்திருந்த நேரத்தில், அவன் தானே கூப்பிட்டான். நாலாவது நூல் தண்ணீருக்குக் கீழே தெரிகிறது என்றான். மீனும் தெரிகிறது, பக்கவாட்டில் சாய்ந்து சுற்றுகிறது, இவ்வளவு நீலத்தை நான் பார்த்ததில்லை ஏட்டி என்றான். இனி அது நான் சொன்னால் கேட்காது என்றான்.

பிரிஜித் எழுந்து நின்றாள். மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"கேட்டியளா," என்றாள். "நீங்க ஒங்க கணியத்த ஆருகிட்டயும் சொல்லல்ல. நானும் ஒண்ணு சொல்லாம வச்சிருந்தேன். இப்ப செட்டுல சொல்லுதேன், கேக்கவங்க கேக்கட்டும். நீங்க போன அன்னைக்கு எனக்கு ரெண்டு மாசம். இப்ப ஆறு."

முன்பு இரண்டு தடவை கரு கரைந்துபோயிருந்தது. இரண்டு தடவையும் அவள் சீக்கிரம் சொல்லிவிட்டதால்தான் என்று சொந்தங்கள் சொன்னார்கள். அதனால் இந்தத் தடவை ஐந்து மாதம் முடியும்வரை வாய் திறப்பதில்லை என்று அவள் தனக்குள் கட்டுப்பாடு வைத்திருந்தாள். ஐந்து முடிந்த பிறகும், கயிற்றைப் பிடித்திருக்கிற கையை உலுக்கிவிடுமோ என்று பயந்து சொல்லாமல் இருந்தாள். ஊருக்கு அது எப்போதோ தெரியும். வயிறு நடந்துபோகிற தெருவில் யாருக்குத் தெரியாது? சேலையின் மடிப்பு மாறியதைப் பெண்கள் முதலிலேயே பார்த்துவிட்டார்கள், சாமியாருக்குத் தெரியும், பாடகர் குழுவின் சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியும். இத்தனை மாதம் தினமும் அந்தச் செட்டில் எதை எதையோ பேசிய ஊரில், இது ஒன்றை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அது அவள் சொல்ல வேண்டியது.

செட்டில் கயிறு உரசுவது மட்டும் கேட்டது. அவள் அந்த உரசலை எண்ணத் தொடங்கி, எண்ணிக்கை தப்பி, திரும்பவும் தொடங்கினாள்.

"ஆறா," என்றான் அவன் கடைசியில். பிறகு, "சரி. சொல்லுதேன்."

மண்டபத்தில் எல்லோரும் முன்னால் குனிந்தார்கள். அது தன்னையறியாமல் வருகிற குனிவு, கணியம் என்றால் மிக்கேல்துறைக்காரன் காது தானாக நீளும். அந்தக் குனிவுக்கு நடுவில் சேசடிமை எழுந்தார். முப்பது வருஷமாக அந்த ஒரு வார்த்தைக்காகக் கடலெல்லாம் அலைந்த மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எனக்குக் கடற்கரையில் வேலை கிடக்கிறது என்று யாருக்கும் இல்லாமல் சொல்லிவிட்டு வெளியே போனார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக எழுந்தார்கள். பெண்கள் கூடைகளைத் தலையில் ஏற்றிக்கொண்டார்கள். சாமியார் கதவை வெளியிலிருந்து சாத்தினார். பிறகு செட்டில், கடலில் எங்கெங்கோ நிற்கிற வள்ளங்களிலிருந்து, குரல்கள் வள்ளத்தின் பெயரைச் சொல்லி ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஆரோக்கிய மாதா, செட்டை அணைக்கிறோம். தூய ஜெரோம், அணைச்சாச்சு. கடல்ராணி, அணைக்கிறோம் அண்ணி, பேசுங்க. பக்கத்து ஊர் வள்ளம் ஒன்று கடைசியாக, நாங்களும்தான் என்று சொல்லிவிட்டு அடங்கியது. அதன் பிறகு அந்த அலைவரிசையில் கடலின் இரைச்சல்கூட இல்லை.

அவன் சொன்னான்.

சிலுவை இல்லை, கடிகாரம் இல்லை, சம்மனசும் இல்லை. மேல்தட்டில் மணி தொங்கிய இடத்துக்குக் கடலைப் பார்த்து ஒரு ஜன்னல் இருந்தது. கதவில்லாத ஜன்னல், வெறும் தேக்குச் சட்டம். அதற்கு நேர் பின்னால் மலைப்பக்கச் சுவரிலும் ஒரு திறப்பு உண்டு. பாரின்மேல் நின்று பார்த்தால், மற்றவர்களுக்குக் கோபுரமே ஓர் அரிசி அளவுதான் தெரியும், அவனுக்கு அந்த அரிசியில் ஒரு துளை தெரியும், அந்தத் துளைக்குள் கூனிமலையின் கூன் வந்து சரியாக உட்கார்ந்தால் அடியில் பார். கோபுரம் அல்ல, கோபுரத்தில் இல்லாத ஓரிடம்தான் அவன் கணியம். பிரிஜித் கதவுப் பக்கம் திரும்பினாள். கல்லும் சுண்ணாம்பும் வேண்டாம். ஒரு சட்டம் போதும்.

சட்டம் எங்கே போயிற்று என்பது ஊருக்கெல்லாம் தெரியும். இடிபாட்டை ஏலம் விட்டபோது தேக்கு முழுவதையும் எடுத்தது சேசடிமை. புதிதாகக் கட்டிய வீட்டின் முன்னறையில், தெருவைப் பார்த்து, அதை வைத்துப் பூசி வண்ணமும் அடித்திருந்தார். பிரிஜித் வெயிலில் வேகமாக நடந்தாள், ஓடக் கூடாது என்று தன்னையே அதட்டிக்கொண்டு நடந்தாள். அவர் வீட்டு முற்றத்தில் போய் நின்றபோதுதான், கேட்டால் அவருக்கு எல்லாம் தெரிந்துவிடும் என்பது உறைத்தது. அலைவரிசையை அணைத்து, கதவைச் சாத்தி, ஊரே முதுகைத் திருப்பிக் காப்பாற்றிக் கொடுத்த ஒன்றை, காப்பாற்றியவரிடமே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. வேறு வழி இருக்கிறதா என்று தேடினாள். அவள் கண் ஜன்னலிலேயே இருந்தது.

சேசடிமை வாசலில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்தார், அவள் பார்த்த இடத்தைப் பார்த்தார். ஊசியைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் முப்பது வருஷம் ஒரு நொடியில் ஓடியது, தலையைத் தானே லேசாக ஆட்டிக்கொண்டார், அட, இதுதானா என்பது மாதிரி. பிறகு உள்ளே போய்க் கடப்பாரையோடு வந்தார். அவர் மனைவி என்ன இது என்று கேட்டுக்கொண்டே வெளியே வர, அவர் புதுச் சுவரில் முதல் குத்தைக் குத்தினார்.

"மாமா," என்றாள் பிரிஜித்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது மக்களே," என்றார் அவர், குத்திக்கொண்டே. "நீ ஜன்னல் கேட்ட, நான் குடுத்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

புதுக் கோபுரத்துச் சாரத்திலிருந்து கொத்தனார்கள் சவுக்குக் கம்புகளைப் பிரித்து, பழைய இடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டிக்கொண்டே மேலே போனார்கள். வள்ளங்களின் பாய்மரங்கள் வந்தன, நங்கூரக் கயிறுகள் வந்தன, எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. மண்டபத்திலிருந்து செட்டைக் கொண்டுவந்து சாரத்தின் அடியில் ஒரு நாற்காலியில் வைத்து, பிரிஜித்தை இன்னொரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மேலே ஜன்னல் போனது, இரண்டு ஆட்கள் இந்தப் பக்கமும் இரண்டு ஆட்கள் அந்தப் பக்கமும் பிடித்துக்கொண்டு, அதன் நடுவில் வெறும் வானத்தை வைத்துக்கொண்டு போனது. நாலாவது நூல் கையில் வந்துவிட்டது என்றான் ததேயு. மீன் வள்ளத்தை ஒட்டிப் படுத்திருக்கிறது, வாலை மட்டும் அசைக்கிறது என்றான். வள்ளம் மெல்ல நகரத் தொடங்குகிறது என்றான்.

"எந்தப் பக்கம்?" என்றாள் அவள்.

"கேன் போன பக்கம்."

அவள் மேலே பார்த்துக் கையைத் தூக்கினாள், இன்னும் மேலே என்று. கொத்தனார் அடுத்த கம்பைக் கட்டினார். சட்டத்தின் ஒரு முனை கம்பில் இடித்து ஆட, கீழே நின்ற கூட்டம் மொத்தமும் ஒரே மூச்சாக இழுத்து, விடாமல் நின்றது. ஆடியது நின்றது. செட்டில் தங்கூசி உரசும் சத்தமும் நின்றது. பிரிஜித் செட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அது வயிற்றில் இடித்தது, உள்ளேயிருந்து பதிலுக்கு ஓர் இடி வந்தது.

"ஏட்டி," என்றான் அவன். குரல் மாறியிருந்தது. "ஒரு ஜன்னலு தெரியுது."

வேறு ஒன்றுமே இல்லை என்றான். கரை இல்லை, மலை இல்லை, கடலுக்கும் வானத்துக்கும் நடுவில் ஒரு ஜன்னல் மட்டும் நிற்கிறது, உள்ளே மலையின் கூன் கொஞ்சம் தெரிகிறது, பாதிதான் தெரிகிறது, மறுபாதி இடது சட்டத்துக்குப் பின்னால் நிற்கிறது என்றான். இடது பக்கம் ஒரு சாண் என்றாள் பிரிஜித், மேலே கேட்கும்படி, அவள் தொண்டையிலிருந்து அப்படியொரு சத்தம் வரும் என்று அவளே அறிந்திருக்கவில்லை. ஒரு சாண் நகர்த்தினார்கள். அவன் போதாது என்றதும், இன்னும் நாலு விரல் என்றாள். நாலு விரல் நகர்த்தினார்கள். செட்டில் இரும்பு பாறையில் கீறுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது, வள்ளம் குலுங்குகிற சத்தம் கேட்டது.

"நங்கூரம் பிடிச்சிட்டு," என்றான். ஜன்னலைச் சுற்றி மலை வருகிறது என்றான், மலையைச் சுற்றித் தென்னை வருகிறது, ஓட்டு வீடுகள் வருகின்றன, மணல் வருகிறது, மணலில் ஒரே கூட்டமாக இருக்கிறதே, இன்று திருவிழாவா என்றான். பிறகு கொஞ்சம் தயங்கி, சின்னப் பையன் மாதிரிக் கேட்டான்.

"இனி மீன ஏத்தலாமா?"

இத்தனை மாதம் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி அந்தச் சொல்லே அவள் நாக்கில் தயாராக இருந்தது. அதை விழுங்கினாள்.

"ஏத்துங்க," என்றாள்.

அன்று பிற்பகலில் அவன் கரைக்கு வந்தான். மிக்கேல்துறையின் அத்தனை வள்ளங்களும் அவனுக்கு இரண்டு பக்கமும் வந்தன, பாரைத் திரும்பிப் பார்த்துவிடக் கூடாது என்று எல்லோரும் முகத்தைக் கரைப்பக்கமே வைத்துக்கொண்டு வந்தார்கள். அந்த மீனை ஆறு பேர் சேர்ந்து மணலில் இறக்கினார்கள். அதன் நீலம் மங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் அதைத் தொட்டுவிட்டு, உடம்பு சுடுது என்று கையை எடுத்தார்கள், அந்த மீன் அப்படித்தான் என்று பெரியவர்கள் சொன்னார்கள். ததேயுவின் உள்ளங்கைகள் கயிறு அறுத்துப் பச்சைப் புண்ணாக இருந்தன. மற்றபடி அவன் அன்று காலை போனவன்தான், முகத்தில் ஒரு நாள் தாடிகூட வளரவில்லை. சேசடிமையின் வீட்டுச் சுவரில் இருந்த ஓட்டையில் சாக்குத் தொங்கியது. கோவில் முற்றத்தில் நெட்டுக்குத்தான இரண்டு கம்புகளின் உச்சியில் ஒரு ஜன்னல் நின்றது, அதை இனி எப்போது இறக்குவது என்று ஒருவரும் கேட்கவில்லை, புதுக் கோபுரம் கட்டுகிறவர்கள் அதைச் சுற்றிப் போய் வேலை பார்த்தார்கள்.

அவன் வள்ளத்திலிருந்து இறங்கி அவளிடம் நடந்து வந்தான். அவள் வயிற்றைப் பார்த்தான், பார்த்துவிட்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கடலைப் பார்த்தான், திரும்பவும் பார்த்தான். கையில் புண் இருந்ததால் தொடவில்லை. என்ன செய்வது என்று தெரியாதவன் போல, கக்கத்தில் இடுக்கியிருந்த ஃபிளாஸ்கை நீட்டினான். நீ போட்டுத் தந்தது, குடிக்க நேரம் கிடைக்கவில்லை என்றான்.

பிரிஜித் மூடியைத் திறந்தாள். ஆவி வந்தது. மூடியிலேயே ஊற்றி, அவனுக்குக் கொடுக்கும் முன் தான் ஒரு வாய் வைத்துப் பார்த்தாள். நாக்கைச் சுட்டது. அவள் மணலில் உட்கார்ந்து, அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஊதி ஊதி, அது ஆறக் காத்திருந்தாள்.